விதியும் விதிகளும்

ஒரே சொல் இரு பொருள் தருவது தமிழில் புதுமையன்று. 'விதி' அத்தகைய சொற்களுள் ஒன்று. தலையில் எழுதப்பட்டதாக நம்பப்படுவதும் விதி. தாளில் எழுதிச் சட்டமன்றம் நிறைவேற்றுவதும் விதி. முன்னதை மாற்ற முடியாது என்பர். பின்னதை மாற்றலாம், மீறலாம், மறந்தும் போகலாம்! குழந்தைகள் கூட்டமாக மாண்ட இடங்களிலெல்லாம் முன்னதன் பெயரே ஓங்கி ஒலிக்கிறது. பின்னதைப் பற்றிய பேச்சு அடங்கிவிடுகிறது. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பின்னதை. பிஞ்சுகளைப் பேணும் காப்பகங்களுக்கான விதிகள் எங்கே பிறந்தன? எவர் கொடுத்த விலைக்குப் பிறந்தன?

தாய் வேலைக்குச் செல்கிறாள். சேயை எங்கே விடுவது? வயலில் உழைத்தவள் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டினாள். ஆலைக்குள் மரமேது, கிளையேது? சக்கரம் சுழலத் தொடங்கிய நாளிலேயே இக்கேள்வியும் சுழலத் தொடங்கிற்று. ஸ்காட்லாந்து நாட்டின் நியூ லானார்க் நூற்பாலையில், ஆலையதிபர் ராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளரின் சிறுகுழந்தைகளுக்கெனப் பள்ளி திறந்தார். முதலாளி வர்க்கத்தில் அப்படியும் ஒருவர்! 1844இல் பாரிஸ் நகரின் ஷையோ பகுதியில் பிர்மின் மார்போ என்பவர், கூலிக்குச் செல்லும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காகக் காப்பகம் ஒன்றை நிறுவினார். இலண்டனின் டெட்ஃபோர்டு என்னும் ஏழையர் பகுதியில், 1914இல் ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் என்னும் சகோதரியர் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளி கண்டனர். வெயிலும் காற்றும், பாலும் குளியலும் அங்கே பாடத்துக்கு முன்னே வந்தன. எலும்பு வளைந்து கிடந்த குழந்தைக்கு எழுத்தறிவிப்பது பின்னர். முதலில் உடல் நிமிரட்டும் என்றனர் அவ்விருவரும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது நெஞ்சில் தைக்கும் பாடம்.

நம் நாட்டில் நடந்தது என்ன? பம்பாய் நகரத்து ஆலைகளில் உழைத்த பெண்கள், குழந்தைக்கு அபின் ஊட்டி உறங்கவைத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். கொடுமனத்தால் அன்று. குழந்தை அழுதால் பார்ப்பாரில்லை; தவழ்ந்தால் தடுப்பாரில்லை; தாய் வீடு திரும்பும்வரை அது உறங்கியாக வேண்டும். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931இல் அளித்த அறிக்கையில் இவ்வழக்கமும் இடம்பெற்றது. அபின் உருண்டைக்கு மாற்றாகக் காப்பக அறை வர, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்கு இடம் தர வேண்டும். அது வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உடையதாக, பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டத்தின் 48ஆம் பிரிவு. 1976இல் ஐம்பது முப்பதாயிற்று. நாற்பத்தொன்பது பெண்களை மட்டும் வைத்துக் கணக்குக் காட்டியவர் எத்தனை பேரோ! விதிக்கு வேலி கட்டுவோர் ஒருபுறம் என்றால், வேலியில் ஓட்டை தேடுவோர் மறுபுறம்.

சட்டம் வந்தது, அறை வந்தது, ஆயா வந்தாள், ஆய்வாளரும் வந்தார். ஆய்வேட்டில் கையொப்பமும் விழுந்தது. அதன் பின்னரும் குழந்தைகள் மாண்டது எப்படி? மெக்சிகோ நாட்டில் நடந்ததைக் காண்போம்.

அந்நாட்டின் வடமேற்கே, வெயில் சுட்டெரிக்கும் சொனோரா மாநிலம். அதன் தலைநகர் எர்மோசியோ. தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் அளிப்பது அங்கே அரசின் சமூகக் காப்பீட்டுக் கழகத்தின் கடமை. கடமையைக் கழகம் தனியாருக்குக் குத்தகை விட்டது. அவ்வாறு நடந்த காப்பகங்களுள் ஒன்றுதான் 'ஏ.பி.சி.'. அரிச்சுவடியின் பெயர்! அதன் உரிமையாளருள் அரசியல் செல்வாக்குடையோரின் உறவினரும் இருந்தனர். கட்டடமோ குழந்தைகளுக்கெனக் கட்டியதன்று. கிடங்காக இருந்ததைக் காப்பகமாக மாற்றியது. ஒரே கூரையின்கீழ், சுவருக்கு அப்பால், மாநில நிதித்துறையின் பண்டசாலை. பழைய ஆவணங்களும் ஊர்திகளின் எண் பலகைகளும் அங்கே குவிந்து கிடந்தன. ஒருபுறம் தொட்டில்கள், மறுபுறம் காகித மலை. இந்த அண்டை வீட்டாரைப் பொருத்தியது எந்த விண்ணும் அன்று, வாடகைச் சீட்டு!

2009ஆம் ஆண்டு ஜூன் 5. பிற்பகல் மூன்று மணியளவு. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் உணவுண்டு உறங்கும் நேரம். பண்டசாலையில் குளிர்விக்கும் கருவியின் பொறி சூடேறித் தீப்பற்றியது. காகிதம் எரிந்தது, தீ கூரைவழி காப்பகத்துள் புகுந்தது. அங்கே கூரையின் உட்புறம் வெப்பம் தடுக்கப் பூசிய பிளாஸ்டிக் நுரை. அதன்கீழ் அழகுக்காகக் கட்டிய விதானத் துணி. நுரை உருகி நெருப்பு மழையாகப் பொழிந்தது. நச்சுப் புகை அறைகளை நிறைத்தது. வெளியேற உண்மையில் பயன்பட்டது ஒரே ஒரு வாயில். அவசர வழி என்று பெயர் பெற்றிருந்தது அவசரத்துக்குத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தனர். ஓர் இளைஞர் தம் சிறு சரக்கு வண்டியைப் பின்னுக்கு ஓட்டிப் பின்னுக்கு ஓட்டிச் சுவரில் மோதித் துளையிட்டார். வாயில் இல்லாத இடத்தில் வாயில் உண்டாக்க ஒரு வண்டி தேவைப்பட்டது! 49 குழந்தைகள் மாண்டனர். தீக்காயத்துடன் பிழைத்தோர் பலர்.

இனிதான் சிந்திக்க வேண்டிய செய்தி. தீ மூண்டதற்கு முந்தைய மாதத்தில்தான் அந்தக் காப்பகம் ஆய்வு செய்யப்பட்டு, விதிகளுக்கு உட்பட்டது என்று தேறியிருந்தது! ஆய்வாளர் கண்ணுக்கு விதானத் துணி தெரியவில்லையா? பூட்டிய கதவு தெரியவில்லையா? சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு வாய் இல்லையா? படிவத்தில் கேட்டிருந்தவற்றுக்கு விடை எழுதப்பட்டிருந்தது. படிவம் கேட்காததை எவரும் கேட்கவில்லை. காகிதத்தில் காப்பகம் கண்ணாடிபோல் பளபளத்தது. கட்டடத்தில் காலன் காத்திருந்தான்.

நாட்டின் உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது. 2010இல், குழந்தைகளின் உரிமைகள் கடுமையாக மீறப்பட்டன என்று கூறிற்று. ஆனால், மேல்மட்டத்து அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாக அறிவிக்க வேண்டும் என்று நீதிபதி அர்துரோ சால்டிவார் முன்வைத்த வரைவைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. பெற்றோர் அழுது அடங்கிவிடவில்லை. வீதியில் நின்றனர், ஊர்வலம் சென்றனர், ஒன்று முதல் நாற்பத்தொன்பது வரை எண்ணி முழங்கினர். அவர்களுடைய உழைப்பால் 2011 அக்டோபரில் ஒரு பொதுச்சட்டம் வந்தது. 'ஜூன் 5 சட்டம்' என்றே மக்கள் அதனை அழைக்கின்றனர். பேரிடர் விளைவிக்கக் கூடிய இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் காப்பகம் இருத்தலாகாது. இரண்டு திங்களுக்கு ஒருமுறையேனும் காப்பகத்தில் இருப்போர் அனைவரும் வெளியேறிப் பழக வேண்டும் என்பன அதன் கட்டளைகளுள் அடங்கும். ஐம்பது மீட்டர்! ஒரே சுவர் பிரித்த இடத்துக்கு விடை அது.

மெக்சிகோ தொலைவில் இருக்கிறது என்று எண்ணி மூச்சு விட நமக்கு வழியில்லை. குடந்தை அருகில் இருக்கிறதே! 2004 ஜூலை 16ஆம் நாள், கும்பகோணம் காசிராமன் தெருவில், சத்துணவு சமைத்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் கூரையின்கீழ் அமர்ந்திருந்த தொடக்கப்பள்ளிச் சிறார் குறுகிய படிக்கட்டை நோக்கி ஓடினர். 94 செல்வங்கள் கருகினர். அந்த இடத்துக்கும் ஏட்டில் விதிகள் இருந்தன. வழக்கின் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆயிற்று. எனினும் குடந்தையின் சாம்பலிலிருந்து எழுந்த மற்றொரு வழக்கில், 2009 ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று தெளிவாக்கியது. எர்மோசியோ எரிவதற்கு இரண்டு திங்கள் முன்பு! இரு கண்டங்கள், இரு மொழிகள். ஏட்டில் மட்டும் ஒரே ஒழுங்கு.

அப்படியாயின் விதியை நிறைவேற்றுவது என்றால் என்ன? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நடக்கத் தெரியாத குழந்தையை ஒருவர் தூக்கித்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கைகள் இரண்டு. அவள் பொறுப்பில் பத்துக் கைக்குழந்தைகள் இருந்தால், புகை சூழ்ந்த வேளையில் எட்டுக் குழந்தைகளின் கதி என்ன? இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் விதி உண்டு. அதிகாரிகளின் ஆடம்பரம் என்று அதனை நகைப்பவர், இந்தக் கைக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆள் குறைவான இடத்தில் பல குழந்தைகளை ஒருசேர உருட்டிச் செல்லும் சக்கரத் தொட்டில் வைத்துக்கொள்வோரும் உண்டு. அந்தத் தொட்டிலின் அகலம் வாயிலின் அகலத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

வெளியேறும் பயிற்சியும் இத்தகையதே. மணி அடித்தவுடன் வரிசையாக வெளியே வா என்று நம் வகுப்புச் சிறாரிடம் சொன்னால், பாதிப் பேர் பையை எடுக்கத் திரும்புவர். ஒருவன் செருப்பைத் தேடுவான். ஒருத்தி தம்பி படிக்கும் வகுப்பை நோக்கி ஓடுவாள். செய்து பார்க்கும்வரை இது எவருக்கும் தெரியாது. பதிவேட்டில் 'பயிற்சி நடைபெற்றது' என்று எழுத அரை நிமிடம் போதும். செருப்பைத் தேடுபவனைத் திருத்தப் பல நாள்கள் வேண்டும்.

2017இல் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாம் என்றும் விதித்தது. நன்று! அந்த நான்கு முறையுள் ஒருமுறையேனும் குழந்தையை முத்தமிட்ட பின், தாய் பின்புறம் நடந்து சென்று பார்க்கட்டும். அங்கே கதவு இருக்கிறதா? வெளிப்புறமாகத் திறக்கிறதா? முன்னே பாய் மூட்டையும் பால் பெட்டியும் அடுக்கியிருக்கின்றனவா? பூட்டியிருந்தால் சாவி எவரிடம்? 'மேலாளர் வீட்டில் இருக்கிறது' என்ற பதில் வருமானால், அன்றைக்கு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மேலாளர் முன் சென்று நிற்கட்டும். சாவி வரும்வரை நிற்கட்டும்.