பாராமகாலில் வீட்டுக் கிரையம்

தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் பூர்வீக வீடு ஒன்று விலைக்கு வந்தால், அது நிற்கும் இடம் பெரும்பாலும் கிராம நத்தமாக இருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் போன்ற ஊர்களின் பழைய தெருக்கள் நத்தத்தில் எழுந்தவை. சுற்றியுள்ள வயலுக்கும் மேட்டுக்காட்டுக்கும் இரு நூற்றாண்டுக் கணக்கு உண்டு. வீட்டடிக்கு அப்படி இல்லை.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான், இன்றைய தருமபுரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கிப் பணிபுரிந்த அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை வயல்வயலாக அளந்து, உழுபவர் பெயரிலேயே வரி விதித்தனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. வருவாய்க்காக நடந்த அளவை என்பதால் விளைநிலத்திலேயே கவனம் இருந்தது. குடியிருப்பு மொத்தமாக நத்தம் என ஒதுக்கப்பட்டது. வயலுக்குப் பட்டா வந்தது. வீட்டுக்கு அனுபவ பாத்தியதையும் ஊரார் வார்த்தையுமே ஆதாரம். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் தனியார் வீட்டுமனையையும் புழக்கடையையும் அரசு நிலமாகக் கொள்ளவில்லை.

ஆகவே வீட்டுக்குப் பத்திரமே உயிர். சென்னை மாகாணத்தில் பதிவுத்துறை 1864இல் தொடங்கியது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள கிரையத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. சர்வே எண் உதவாத நத்தத்தில் பத்திர எழுத்தர் இடத்தை நான்கெல்லையால் அடையாளம் காட்டுவார்: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு, வடக்கே பொதுச் சுவர் என்பது போல. கதவு, நிலவு எனும் கதவுச் சட்டம், கிணற்றில் பங்கு, நடைபாதை, கூரைத் தண்ணீர் விழும் உரிமை எல்லாம் இடம்பெறும். அண்டை வீட்டாரும் விற்றுப் போனபின் பத்திரத்திலுள்ள பெயருக்கு ஆள் இருக்கமாட்டார். இன்றைய எல்லைத் தகராறுகளில் பல இப்படிப் பிறந்தவையே. அப்போது தாய்ப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கையாக வரிசைப்படுத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பத்திரம் போதாத இடத்தில் வாய்மொழிச் சாட்சியமாக விளங்கியவர் கிராமக் கணக்கரான கர்ணம். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டதும் அந்த நினைவறிவு அரசுப் பணியிலிருந்து விலகியது. நத்தத்தையே மனை மனையாக அளந்து பட்டா வழங்கும் நத்தம் நிலவரித் திட்டம் வந்தது அதன் பிறகுதான். முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபணை கேட்டபின் தூய பட்டா என்பது அதன் நடைமுறை. மன்றோ காலத்தில் விட்டுப்போன வேலை ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்தே கைக்கு வந்தது.

இடத்தைவிடச் சிக்கலானது குடும்பம். பழைய கிரையப் பத்திரங்களில் விற்பதற்கான காரணமும் எழுதப்பட்டிருக்கும்: பூர்வக் கடன், குடும்பச் செலவு, மகளின் திருமணம். இதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளுவது தவறு. கூட்டுக் குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்கோ நன்மைக்கோ விற்றால்தான் மற்றப் பங்குதாரரை அது கட்டுப்படுத்தும். இல்லையேல் அன்று மைனராக இருந்த மகன் வளர்ந்து வழக்குத் தொடுக்கலாம். வாங்குபவர் பாதுகாப்புக்காகவே அந்த வரி எழுதப்பட்டது.

பெண்கள் கையெழுத்து நெடுங்காலம் தேவைப்படவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், அவ்வாண்டு மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை தந்தது. 2005இல் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. 2005இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சீரோடு கணக்கு முடிந்தது என்று குடும்பங்கள் கருதிய இடத்தில், இப்போது சகோதரிகள் கிரையத்தில் கையெழுத்திட வேண்டும் அல்லது விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களை ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டுவது எளிதல்ல. பொது அதிகாரப் பத்திரம் அதனாலேயே பெருகியது.

செலவு பெரும்பாலும் வாங்குபவருடையது. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது.