பரண் மேல் பாட்டி

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு டப்பா இருக்கும். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஏறிப் பாருங்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியில் எங்காவது கிடக்கும். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் 'கல்யாணம் - பார்ட் 1' என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். வீடியோ கேசட்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 1991ல் மாயவரத்தில் நடந்த என் சித்தியின் கல்யாணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே, சரியாகப் பதினோரு விநாடிகள், என் பாட்டி அதில் வருகிறார். கேமராவைப் பார்த்ததும் நிற்கிறார். கையை ஆட்டி என்னவோ சொல்கிறார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். அவ்வளவுதான்.

பாட்டி 1994ல் காலமானார். போட்டோக்கள் நாலைந்து இருக்கின்றன. ஆனால் நடக்கிற பாட்டி, கை ஆட்டுகிற பாட்டி, அந்தப் பதினோரு விநாடியில் மட்டும்தான்.

போன வருடம் ஒருநாள் அம்மா கேட்டார். "அந்தக் கேசட்டை ஒரு தரம் பார்க்கணும்டா." கேசட் பத்திரமாக இருந்தது. டெக் இல்லை. பல வருடங்களுக்கு முன்பே பழைய பேப்பர்காரரிடம் எண்பது ரூபாய்க்குப் போட்டாயிற்று. போட்ட புண்ணியவான் நானேதான்.

போட்டோ ஆல்பத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிரித்தால் தெரியும். கேசட்டைப் பிரித்தால் பழுப்பு நாடாதான் தெரியும். இயந்திரம் இருந்தால் அது பாட்டி. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் டப்பா.

அசட்டுத்தனத்தில் நான் தனியாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்தால், பெரிய பெரிய இடங்களே என்னை மிஞ்சியிருக்கின்றன. கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாடாவில் ஒலியைப் பதிவு செய்வது பழைய சமாசாரம். 1928லேயே ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர், காகிதப் பட்டையில் இரும்பு ஆக்ஸைடு தூளைப் பூசி அதில் சத்தத்தைப் பிடித்துக் காட்டிவிட்டார். படத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. காரணம், ஒலியைவிடப் படத்துக்கு நூற்றுக்கணக்கான மடங்கு அதிகத் தகவல் வேண்டும். அவ்வளவையும் பதிய வேண்டுமானால் நாடா பேய் வேகத்தில் ஓடவேண்டும். பிபிசி அப்படித்தான் ஓட்டிப் பார்த்தது. 1958ல் அவர்கள் காட்டிய 'வேரா' என்ற இயந்திரத்தில் நாடா விநாடிக்கு ஐந்து மீட்டர் ஓடியது. நல்ல சைக்கிள் வேகம்! பிரம்மாண்டமான சக்கரத்தில் சுற்றினாலும் கால் மணி நேரத்தில் நாடா தீர்ந்துவிடும்.

அதற்குள் அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் கம்பெனிக்காரர்கள் குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சார்லஸ் கின்ஸ்பர்க் என்ற எஞ்சினியரின் குழு. அதில் பொடிப்பையனாக இருந்த ஒருவர் பிற்பாடு உலகப் புகழ் பெற்றார். நம்ம சினிமா தியேட்டர் வாசலில்கூட அவர் பெயர் இருக்குமே, டால்பி. அந்த ரே டால்பிதான். இவர்கள் செய்தது சிம்பிளான காரியம். நாடா நிதானமாகப் போகட்டும், பதிவு செய்கிற தலையைச் சுழலவிடுவோம். இரண்டு அங்குல அகல நாடா, நிமிடத்துக்கு 14,400 சுற்று சுற்றும் சக்கரம், அதில் நான்கு தலைகள். 1956 ஏப்ரல் 14ஆம் தேதி சிகாகோவில் ஒரு கூட்டம். வந்திருந்தவர்களுக்குத் தெரியாமலேயே நிகழ்ச்சியைப் பதிவு செய்து, அங்கேயே திரும்பப் போட்டுக் காட்டினார்கள். முதலில் ஒரே அமைதி. அப்புறம் கைதட்டல் ஓயவேயில்லை.

அந்த இயந்திரத்தின் விலை சுமார் 50,000 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய். நாடாவும் யானை விலைதான். ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பிபிசி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சிகளை வரிசையாக அழித்து, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. 'டாக்டர் ஹூ' என்று ஒரு தொடர். 1963ல் ஆரம்பித்தது, இன்றைக்கும் பிரசித்தம். அதன் அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூற்றுச் சொச்சம் பல பத்தாண்டுகளாகக் காணாமல் கிடந்தன. அமெரிக்காவிலும் இதே கதை. 1967 ஜனவரியில் முதல் சூப்பர் பௌல் கால்பந்துப் போட்டி. இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே சமயத்தில் ஒளிபரப்பின. இரண்டு பேர் கையிலும் நாடா மிஞ்சவில்லை.

உச்சக்கட்டம் நாஸா. 1969ல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கியபோது அங்கிருந்து வந்த படம், உலகம் டிவியில் பார்த்ததைவிடத் தெளிவானது. டிவிக்கு ஏற்றபடி மாற்றும்போது மங்கிவிட்டது. மங்காத மூலப் பதிவு தனி நாடாக்களில் இருந்தது. பிற்காலத்தில் அதைத் தேடோ தேடென்று தேடினார்கள். கடைசியில் 2009ல் நாஸா ஒப்புக்கொண்டது. அவற்றை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டோம் போலிருக்கிறது!

பைத்தியக்காரத்தனம் என்கிறீர்களா? நான் படித்தது பி.காம். கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் இதில் தப்பே தெரியாது. நாடா என்பது சரக்கு. வாங்கிய பில் இருக்கிறது, விலை இருக்கிறது. இரண்டாம் முறை பயன்படுத்தினால் அந்த மட்டும் மிச்சம். சரி, அதில் பதிவாகியிருந்த காட்சிக்கு? பேரேட்டில் அதற்குப் பக்கமே கிடையாது. விலை போடாத எதையும் அழிப்பதற்கு எந்த ஆபீசும் யோசிப்பதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய நிறுவனங்கள் அழித்தவற்றில் சிலவற்றைக் காப்பாற்றித் தந்தது யார் தெரியுமா? உங்களையும் என்னையும் போன்றவர்கள். அந்த முதல் சூப்பர் பௌலின் பெரும்பகுதியைப் பென்சில்வேனியா மாநிலத்துக்காரர் ஒருவர் தானாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பல வருடங்கள் கழித்து அந்த நாடா ஒரு வீட்டுப் பரணிலிருந்துதான் இறங்கியது. 'டாக்டர் ஹூ'வின் தொலைந்த எபிசோடுகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. ரசிகர்கள் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு அம்மாள், முன்னாள் நூலகர். 1979லிருந்து 2012ல் இறக்கும்வரை இரவு பகலாக டிவி செய்திகளைப் பதிந்துகொண்டே இருந்தார். சுமார் எழுபதாயிரம் கேசட்டுகள். கேசட் மாற்றவேண்டிய நேரத்தை உத்தேசித்துத்தான் அந்தக் குடும்பம் வெளியே போய்வருமாம். இன்று அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பிடம் இருக்கின்றன.

வீட்டுக்கு வீடு இது சாத்தியமானதற்கு ஜப்பான்காரர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். 1975ல் சோனியின் பீட்டாமேக்ஸ். மறு வருடமே ஜேவிசியின் விஎச்எஸ். படம் பீட்டாமேக்ஸில் பளிச் என்று இருக்கும் என்பார்கள். ஆனால் முதலில் வந்த கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜனங்கள் நேரத்தின் பக்கம் சாய்ந்தார்கள். 1988ல் சோனியே விஎச்எஸ் டெக் விற்க ஆரம்பித்தது.

நம் ஊருக்கு வருவோம். 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தோளில் டெக்கும் வந்தது. மெட்ராஸ் பர்மா பஜார் அமோகமானது. ஞாபகம் இருக்கிறதா? டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்துவந்து, தெருவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, விடிய விடிய மூன்று படம்!

அடுத்து கல்யாண வீடியோ. ஒருவர் தோளில் கேமரா. பின்னால் இன்னொருவர், கண் கூசும் வீடியோ லைட்டுடன். பிறகு ஸ்டுடியோவில் மிக்ஸிங். தாமரை விரியும், உள்ளே மாப்பிள்ளை முகம் சுழன்று வரும். முக்கியமாக, மண்டபத்தின் இரைச்சலை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். எங்கள் பாட்டி கையை ஆட்டிப் பேசுகிறாரே, அந்த இடத்தில் காதில் விழுவது டூயட். அசல் பேச்சு இருந்த நாடா? அடுத்த முகூர்த்தத்துக்கு அதே நாடாவை உபயோகித்துவிட்டதாக ஸ்டுடியோக்காரர் அப்போதே சொல்லிவிட்டார். பிபிசியும் நாஸாவும் போட்ட அதே கணக்கு.

இப்போது மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றியாக வேண்டும். ஏன் அவசரம் என்றால், இரண்டு பக்கமும் தேய்மானம்.

முதலாவது, நாடா. மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் சுமார் 258 மீட்டர் நாடா இருக்கிறது. பிளாஸ்டிக் பட்டைமேல் காந்தத் துகள்களைப் பசை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பசைக்குக் காற்றின் ஈரம் ஆகாது. நாளாக ஆக இளகும், பிசுபிசுக்கும், துகள் உதிரும். கடலோர ஊர்களில் கூடுதலாகப் பூஞ்சைக் காளான். கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான்.

இரண்டாவது, டெக். இதுதான் முந்திக்கொள்ளும் போலிருக்கிறது. உலகில் கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. உதிரி பாகங்கள் கிடைக்கவில்லை என்றார்கள். இருப்பதெல்லாம் பழைய டெக்குகள்தாம். ரிப்பேர் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015லேயே கெடு வைத்துவிட்டது. 2025க்குள் மாற்றாத நாடாக்களில் பெரும்பாலானவை போனதுபோலத்தான் என்று. கெடு வந்துவிட்டது. நம் கேசட் இன்னும் பரணில்!

ஆகவே சில விஷயங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேசட்டின் முதுகில், ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். முதலில் அதை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிப்போய்க்கூட யாரும் அதில் பதிய முடியாது. பூஞ்சை இருந்தால் டெக்கில் போடவே கூடாது. நாடாவும் போகும், டெக்கும் போகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். டெக்கிலிருந்து ஒயர், ஒரு கேப்ச்சர் கருவி, கம்ப்யூட்டர். பழைய நாடாவில் படம் நடுங்கும். அதை நிமிர்த்த 'டைம் பேஸ் கரெக்டர்' என்று ஒரு சாதனம் உண்டு. கொடுக்கும் இடத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே, 720க்கு 576 என்ற முழு அளவில் ஃபைல் வேண்டும் என்றும் கேளுங்கள்.

இந்த எச்சரிக்கை எங்கள் அனுபவம். 2003ல் அம்மா இதே கேசட்டை ஒரு கடையில் கொடுத்து விசிடியாக மாற்றினார். விசிடியின் அளவு 352க்கு 288. படத்தின் வரிகளில் பாதி அங்கேயே போச்சு. பாட்டியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். அதையும் நம்பி இருந்தோம். சில வருடங்களில் தட்டும் ஓடாமல் போயிற்று. நல்லவேளை, 'அதான் சிடி ஆயிடுச்சே' என்று கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். மாற்றிய ஃபைலை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கிற உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் கேசட்டை ஒரு பழைய டெக்காரர் காப்பாற்றிக் கொடுத்தார். கூலி எண்ணூறு ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். பாட்டி வந்தார். கையை ஆட்டினார். உதடு இப்போது தெளிவாக அசைந்தது. பின்னால் அதே டூயட்.

"லைட்டை அணைடா, கண்ணு கூசுதுன்னு சொல்றாங்க" என்றார் அம்மா.

"இல்லக்கா, என்னை எதுக்கு எடுக்கறே, போய் மாப்பிள்ளையை எடுங்கறாங்க" என்றார் சித்தி.

பத்து முறை போட்டுப் பார்த்தார்கள். முடிவுக்கு வரவில்லை. அந்த நாடாவை ஸ்டுடியோக்காரர் அழிக்காமல் இருந்திருந்தால் ஒரே விநாடியில் தீர்ந்திருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காலி நாடா ஒன்று மிச்சம் என்றுதான் அவர் கணக்கு சொன்னது.

உங்கள் கேசட்டில் யாருடைய பேச்சு இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிவிடுங்கள்.