ராணித் தேனீயும் வண்டும்: ட்ரோன் வந்த வழி

இப்போது நம் ஊர்களில் ட்ரோன் பறக்காத வலீமா விருந்து குறைவு. "இதை யார் கண்டுபிடித்தது?" என்று வகுப்பில் கேட்டால், "சைனாக்காரன் சேர்" என்று உடனே பதில் வரும். ஆனால் இதன் கதை தொண்ணூறு வருடங்களுக்கு முந்தியது. அந்தக் கதையைச் சொல்லும் பழைய விமானங்கள் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1930களில் பிரித்தானியப் படைக்கு ஒரு சிக்கல் இருந்தது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பீரங்கி வீரர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆள் இருக்கும் விமானத்தைச் சுட முடியாது. ஒரு விமானம் பின்னால் துணிப் பையைக் கட்டி இழுத்துச் செல்ல, அந்தப் பையைச் சுட்டுப் பழகினார்கள். நேராகப் போகும் பைக்கும் வளைந்து நெளிந்து வரும் எதிரி விமானத்துக்கும் எவ்வளவோ வித்தியாசம்.

ஆகவே ஆளில்லாமல் வானொலி அலையால் ஓடும் விமானத்தைச் செய்து பார்த்தார்கள். 1933 இல் 'ஃபெயரி குயின்' என்ற விமானத்தைப் பறக்கவிட்டு, கடற்படைக் கப்பல்கள் இரண்டு மணி நேரம் சுட்டன. ஒரு குண்டும் அதை வீழ்த்தவில்லை! தங்கள் பீரங்கிகளின் பலத்தை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

1935 இல் டி ஹவிலண்ட் நிறுவனத்தின் 'குயின் பீ' வந்தது. ராணித் தேனீ என்று அர்த்தம். பயிற்சி விமானமான டைகர் மொத்தின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். உடல் மரத்தால் ஆனது. செலவு குறைவு, கடலில் விழுந்தாலும் மிதக்கும். தரையில் இருப்பவர் பழைய தொலைபேசியில் இருப்பது போன்ற எண் வட்டைச் சுழற்றிக் கட்டளை அனுப்புவார். ஓர் எண்ணுக்கு ஏறும், இன்னோர் எண்ணுக்குத் திரும்பும். ஏறத்தாழ 400 விமானங்கள் செய்யப்பட்டன. 1941 ஜூன் மாதம் சேர்ச்சிலே நேரில் போய் அது ஏவப்படுவதைப் பார்த்தார்.

இதே வழியில் இறங்கிய அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி டெல்மர் ஃபார்னி, 1936 இல் இத்தகைய விமானங்களை 'ட்ரோன்' என்று குறிப்பிட்டார். ட்ரோன் என்றால் ஆண் தேனீ. பிரித்தானியரின் ராணித் தேனீயை ஒட்டி வந்த பெயர் அது.

அமெரிக்காவில் இன்னொரு கதையும் நடந்தது. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையில் இருந்த ரெஜினோல்ட் டெனி பின்னர் ஹொலிவூட் நடிகரானார். மாதிரி விமானங்களில் பைத்தியம். அதற்காகவே ஒரு கடை வைத்தார். அந்த ஆர்வம் 'ரேடியோபிளேன்' என்ற கம்பனியாக வளர்ந்தது. அவர்கள் செய்த ஓகியூ-2 விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 12 அடி. இன்று பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் பெரிய மாதிரி விமானங்களின் அளவுதான். சுடுபடாமல் தப்பினால் பரசூட்டில் இறங்கும். திருத்தி மீண்டும் அனுப்புவார்கள். போர்க்காலத்தில் இந்த வகையில் ஏறத்தாழ 15,000 செய்யப்பட்டன. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளம்பெண்ணை இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடித்தார். உலகம் பின்னர் மர்லின் மன்றோ என்று அறிந்த பெண் அவர்தான். 1952 இல் ரேடியோபிளேனை நொர்த்ரொப் வாங்கியது. அதன் வழிவந்த நொர்த்ரொப் குரூமன் கம்பனிதான் பின்னர் 'குளோபல் ஹோக்' என்ற பிரமாண்டமான வேவு ட்ரோனைச் செய்தது.

சுடப்படுவதற்கென்றே செய்தவை என்பதால் மிஞ்சியவை மிகச் சொற்பம். ஒரு குயின் பீ லண்டனுக்கு அருகே டி ஹவிலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்றை ஆர்வலர்கள் திருத்திப் பறக்கவே வைத்தார்கள். ஆனால் அது பறந்தது விமானி ஒருவர் ஏறி ஓட்டியபோதுதான். பார்ப்பவருக்கு அழகான பழைய இரட்டை இறக்கை விமானம், அவ்வளவுதான். ஆளில்லாத அந்த வெற்றுக் கதிரைதான் அதன் வரலாறு என்று யாராவது சொல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

இதைத்தான் யோசிக்க வேண்டும் நண்பர்களே. பழைய பொருள் ஒன்றைத் திருத்தும்போது மரத்தையும் துணியையும் புதுப்பித்து, வர்ணம் பூசிவிடலாம். அது எதற்காகச் செய்யப்பட்டது, அதனால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத் திருத்தினால்தான் வேலை முழுமையாகும்.

நம் நாட்டிலேயே பாருங்கள். இறுதிப் போர்க் காலத்தில் வன்னி மக்கள் வேவு விமானத்துக்கு வைத்த பெயர் 'வண்டு'. குயின் பீயைப் பற்றியோ ஃபார்னியைப் பற்றியோ அவர்கள் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. மேலே கேட்ட இரைச்சலை வைத்தே பெயர் வைத்தார்கள். வண்டு சுற்றினால் அடுத்தது செல் விழும் என்று பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அந்த மக்களில் சிலர் இன்றும் திருமண வீட்டில் ட்ரோன் சத்தம் கேட்டால் ஒரு கணம் வானத்தைப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது ஏன் என்று தெரியாது.

பிள்ளைக்கு ட்ரோன் வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை. இதே கருவி இன்று வயலுக்கு மருந்தும் அடிக்கிறது, வெள்ளத்தில் சிக்கியவரைத் தேடவும் உதவுகிறது. ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது இந்தக் கதையையும் இரண்டு வரி சொல்லிக் கொடுங்கள்.