குழந்தைகளின் நெஞ்சுச்சீழும் வலிநிவாரணிகளும்

இபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகள் காய்ச்சலைத் தணிக்கும். நோயைத் தந்த கிருமியைத் தொடாது. நிமோனியா கண்ட குழந்தைக்கு இவற்றைக் கொடுப்பதால் நுரையீரல் உறையில் சீழ் கட்டும் (எம்பையீமா) ஆபத்து கூடுகிறதா என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது.

பிரான்சில் 15 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், வைரஸ் தொற்றின் தொடக்க நாட்களில் இவ்வகை மருந்து குடித்த பிள்ளைகளுக்குச் சீழ் கட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்காகத் தெரிந்தது. 2019 ஏப்ரலில் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்பு முகமை எச்சரிக்கை விடுத்தது. ஆனாலும் மருந்துதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. கடுமையாகக் காயும் பிள்ளைக்கே இம்மருந்து அதிகம் கொடுக்கப்படுவதால், நோயின் கடுமையையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிவது கடினம். வெள்ளணுக்களின் வேலையை மருந்து மட்டுப்படுத்தலாம் என்பது ஒரு விளக்கம். காய்ச்சலும் விலாவலியும் அடங்குவதால் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது என்பது மற்றொன்று.

கல்வராயன் மலைக்கு இந்த இரண்டாவது விளக்கமே முக்கியம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் இம்மலைப்பகுதியில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதோ சமவெளியில், சிறுவங்கூரில். வெள்ளிமலைப் பக்கத்துத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து மேலும் போக வேண்டும். மெடிக்கலில் வாங்கிய சிரப்பில் காய்ச்சல் விட்டதென்று ஒரு நாள் பொறுத்தால், அதற்குள் சீழ் கட்டி, நெஞ்சில் குழாய் போட்டு வடிக்க வேண்டிய நிலை வரலாம்.

ஆகவே காய்ச்சலைவிட மூச்சைப் பார்ப்பதே நம்பகமானது. பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ சிரப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்கு முதல் தேர்வு பாராசிட்டமால். அளவு எடைக்கு ஏற்றது, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரோஃபெனைத் தவிர்க்க வேண்டும். இதே வகையைச் சேர்ந்த நிமசுலைடை 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்க இந்தியா 2011-இல் தடை விதித்தது.

நிமோனியாவை முன்கூட்டியே தடுக்க, ஹிப் கிருமிக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசி (பென்டாவேலன்ட்) தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலும், நியூமோகாக்கல் தடுப்பூசி 2021-லும் அரசின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தன.