திருவிருந்தும் வகுப்பறையும்

தென் ஆப்பிரிக்காவில் 1953ஆம் ஆண்டு நிறைவேறிய பாண்டு கல்விச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர், அதனை ஓர் அரசின் கொடுமையாகவே பெரும்பாலும் காண்கின்றனர். கொடுமை என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தினால் அரசின் கைக்குச் சென்ற பள்ளிகளுள் பெரும்பாலானவை திருச்சபைகள் நிறுவிய பள்ளிகளே. அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்தோ, அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே திருச்சபை மன்றம் ஒன்றில் இசைவு பெற்றிருந்தது. எனவே இதனைத் திருச்சபையின் வரலாறாகவும் நாம் ஆராய வேண்டியவராயிருக்கிறோம்.

அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்குப் பள்ளிக் கல்வியைக் கொணர்ந்தவர்கள் மிஷனெரிமார். ஸ்காத்லாந்து மிஷனெரிகள் 1841இல் லவ்டேலில் திறந்த கல்விக்கூடம் இவற்றுள் புகழ்பெற்றது. மெதடிஸ்டுகளின் ஹீல்டவுன், அமெரிக்க மிஷனின் ஆடம்ஸ் கல்லூரி, ஆங்கிலிக்கன் துறவியரின் புனித பேதுரு பள்ளி ஆகியவையும் தலைசிறந்து விளங்கின. ஹீல்டவுனில் நெல்சன் மண்டேலா பயின்றார். ஆடம்ஸ் கல்லூரியில் ஆல்பர்ட் லுத்துலி பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். புனித பேதுரு பள்ளியில் ஆலிவர் டாம்போ கற்றுப் பின்னர் கற்பித்தார்.

இப்பள்ளிகளைப் போற்றும் நாம் அவற்றின் குறையை மறைத்தலாகாது. லவ்டேல் தொடங்கியபோது ஆப்பிரிக்க மாணவர் பதினொருவரும் வெள்ளை மாணவர் ஒன்பதின்மரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றனர். அக்காலத்தில் இது பெரியதொரு துணிவு. ஆயினும் உணவறையில் அவர்கள் தனித்தனி மேசைகளில் அமர்த்தப்பட்டனர். பாடம் ஒன்று, பந்தி இரண்டு என்ற இந்நிலையை அன்று பெரும் முரணாக எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதனினும் ஆழமான பிளவு திருவிருந்திலேயே நிகழ்ந்தது. நிறமோ பிறப்போ பாராமல் அனைவரும் ஒருங்கே திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபை 1829இல் தீர்மானித்திருந்தது. அதே சபையின் பேரவை 1857இல் வேறொரு முடிவுக்கு வந்தது. ஒன்றாக வழிபடுதலே விரும்பத்தக்கது, திருமறைக்கு இசைந்தது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தினால் அது நற்செய்திப் பணிக்குத் தடையாகுமாயின், புறவினத்திலிருந்து வந்த விசுவாசிகள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்று இடமளித்தது. விதிவிலக்காக வந்தது விரைவில் விதியாயிற்று. 1881இல் கலப்பின மக்களுக்கெனத் தனிச் சபையே அமைக்கப்பட்டது.

இங்கு ‘பலவீனர்’ என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் கூறும் பலவீனர், மனச்சாட்சி எளிதில் புண்படக்கூடியவர். கேப் பேரவை கூறிய பலவீனரோ நிலமும் ஆட்சியும் சட்டமும் தம் கையில் உடையவர். அவர்கள் கறுப்பினச் சகோதரனோடு ஒரே பாத்திரத்தில் பருக மனமில்லாதிருந்தனர். வலியோரின் பிடிவாதத்திற்குப் பலவீனம் என்று பெயரிட்டமையே இவ்வரலாற்றின் முதற்பிழை எனலாம். அந்தியோகியாவில் புறவினத்தாருடன் உண்பதை விட்டு விலகிய பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததை அப்பேரவை நினைவுகூர்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் தலைவர் மலான், முன்னர் டச்சுச் சீர்திருத்தச் சபையின் போதகர். கறுப்பினத்தாரின் கல்வியை ஆராய அமைந்த குழுவின் தலைவர் ஐசெலன், ஒரு மிஷனெரியின் மகன். இவர்கள் திருச்சபைக்குப் புறம்பானவர் அல்லர் என்பது நம் கவனத்திற்குரியது. 1954இல் மேலவையில் பேசிய அமைச்சர் ஃபெர்வூர்ட், சிலவகை உடலுழைப்புக்கு மேலாக வெள்ளையர் சமுதாயத்தில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்றும், அவர்கள் அடைய முடியாததை நாடுமாறு கற்பித்தல் தகாது என்றும் வெளிப்படையாகக் கூறினார். இக்கல்விக்கென அரசு தரும் தொகை ஆண்டுக்கு 65 இலட்சம் பவுனாக வரையறுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட செலவை அம்மக்களே தம் வரிப்பணத்தால் ஏற்க வேண்டியதாயிற்று.

திருச்சபைகளுக்கு வழிகள் சிலவே இருந்தன. பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்கலாம், வாடகைக்கு விடலாம், மானியத்தைப் படிப்படியாக இழந்து தாமே நடத்தலாம், அல்லது மூடிவிடலாம். மெதடிஸ்டுகள் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு ஒப்படைத்தனர். ஜொகானஸ்பர்க் பேராயர் ஆம்ப்ரோஸ் ரீவ்ஸ் தம் மறைமாவட்டப் பள்ளிகளை 1955இல் மூடினார். புனித பேதுரு பள்ளியும் ஆடம்ஸ் கல்லூரியும் 1956இல் முடிவெய்தின. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையோ மானியமின்றித் தன் பள்ளிகளைத் தாங்க முற்பட்டது.

இவற்றுள் எது சரி? ஒப்படைத்தவர்கள், பிள்ளைகள் தெருவில் நிற்கலாகாது என்றனர். மூடியவர்கள், அடிமைத்தனத்தைக் கற்பிக்கத் தம் கட்டடத்தைத் தரலாகாது என்றனர். இரு சாராருக்கும் மனச்சாட்சி இருந்தது. இரு சாராருடைய முடிவுக்கும் விலை கொடுத்தவர்கள் பிள்ளைகளே. ஆதலால் நாம் எவர்மீதும் எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் ஒன்று கூறலாம். அரசு சபைகளைத் தனித்தனியே கேட்டது. சபைகளும் தனித்தனியே மறுமொழி கூறின. ஒரே பந்தியில் அமரப் பழகாதவர்கள் நெருக்கடி நாளில் ஒரே குரலில் பேச இயலாமற்போயினர்.

விளைவுகள் தொடர்ந்தன. 1959இல் பல்கலைக்கழகக் கல்வியும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டது. பேராசிரியர் மேத்யூஸ் ஓய்வூதியத்தையும் இழந்து ஃபோர்ட் ஹேர் கல்லூரியை விட்டு விலகினார். டெஸ்மண்ட் டூட்டு என்னும் இளம் ஆசிரியர் இக்கல்வி முறையில் ஊழியம் செய்ய மனமின்றிப் பதவியைத் துறந்து, 1961இல் குருப்பட்டம் பெற்றார். 1860 முதல் நேட்டாலில் குடியேறிய தமிழர் உள்ளிட்ட இந்தியரின் பள்ளிகளும் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தனித் துறையின்கீழ் வந்தன. 1976 ஜூன் 16ஆம் நாள், ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துச் சொவேட்டோ மாணவர்கள் ஊர்வலமாய்ச் சென்றபோது காவலர் சுட்டனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன் உயிர்நீத்தான்.

1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பித்தல் மறைத்திரிபு என அறிவித்தது. அதே ஆண்டில், 1881இல் பிரிக்கப்பட்ட அந்தச் சபையே பெல்ஹார் அறிக்கையை வரைந்தது. 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து தம் பாவத்தையும் தம் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். டூட்டு அதனை ஏற்றார். 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் இனப்பாகுபாட்டை விலக்கியது. எனினும் இரு தலைமுறையினர் இழந்த கல்வியை எந்த அறிக்கையும் மீட்டுத் தர இயலாது.

குருத்துவப் பணிக்கு ஆயத்தமாவோர்க்கு இவ்வரலாறு கூறுவது இதுவே: பெருந்தீமை திருச்சபைக்குள் பகைவனாய் நுழைவதில்லை, சிலருடைய மனம் நோகாதிருக்கச் செய்யப்படும் சிறு ஏற்பாடாகவே நுழைகிறது. அத்தகைய ஏற்பாடு ஒன்றுக்கு இசைவு கேட்டு நம் சபையார் நம்மிடம் வரும் நாளில், 1857ஐ நாம் நினைவுகூர்வோமாக.