வீட்டில் பியர் தயாரித்தல்

சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறு அளவில் பியர் தயாரிக்கும் பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1963இல் உரிமக் கட்டாயம் நீங்கியதும், அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டாட்சி வரிவிலக்கு அளித்ததும் இதைப் பரவலாக்கின. புதியவர் முதலில் தேடுவது நல்ல செய்முறையை. சுவையைத் தீர்மானிப்பவையோ தூய்மையும் வெப்பநிலையுமே. முளைகட்டிய தானியமான மால்ட்டின் சாற்றைக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் அழியும். ஆறிய பிறகு அந்த இனிப்புச் சாறு ஈஸ்ட்டுக்கு மட்டுமல்ல, காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்கும் விருந்து. எனவே அதற்குப் பின் சாறு படும் குழாய், மூடி, புட்டி அனைத்தையும் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். நொதிக்கும்போது ஏல் வகை பியருக்கான ஈஸ்ட் பலவற்றுக்கு 18–20 டிகிரி செல்சியஸ் ஏற்றது. வெகுவாகச் சூடேறினால் காட்டமான வாடை வரும்.

ஆயத்த மால்ட் சாற்றைப் பயன்படுத்துவது உண்மையான தயாரிப்பே அல்ல என்பர் சிலர். தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் படி அதில் இல்லை என்பது சரிதான். ஆனால் தொடக்கக்காரரின் பியரைக் கெடுக்கும் பிழைகள் பெரும்பாலும் அதற்குப் பின்னரே நேர்கின்றன. வீட்டு பியரைக் குடித்தால் பார்வை போய்விடும் என்ற அச்சமோ கள்ளச்சாராயத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பார்வையைப் பறிக்கும் மெத்தனால் பியரில் மிகச் சொற்பம். வெடிக்கும் புட்டியே மெய்யான ஆபத்து. நொதித்தல் முடியுமுன் அடைத்தால் உள்ளே வாயு அழுத்தம் ஏறும். எனவே சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு சில நாட்கள் மாறாமல் நின்ற பிறகே, லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைக்க வேண்டும்.