சதுரங்கத்தில் நேர நெருக்கடி

நேர நெருக்கடி என்பது, சதுரங்க ஆட்டத்தில் மீதமுள்ள நகர்த்தல்களை யோசித்து ஆடப் போதிய நேரம் இல்லாமல் போகும் நிலை. ஜெர்மன் மொழியிலிருந்து வந்த ‘சைட்நாட்’ என்ற சொல்லாலும் உலகெங்கும் ஆட்டக்காரர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். நெருக்கடி வெளியே தெரிவது கடைசி நிமிடங்களில்தான். ஆனால் பெரும்பாலும் அது உருவாவது முதல் இருபது நகர்த்தல்களுக்குள்.

கடிகாரத்தின் வரலாறு

1851 லண்டன் போட்டியில் நேர வரம்பு இல்லை. எதிராளி சலித்துப்போகும் அளவுக்கு ஒரே நகர்த்தலுக்காக யோசிப்பவர்கள் இருந்தனர். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணல் கடிகாரம் வைக்கப்பட்டது. 1883 லண்டன் போட்டியில் இரட்டை முகக் கடிகாரம் வந்தது. ஊசிக் கடிகாரத்தில் நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சிறு கொடியைத் தூக்கும். முள் கடந்ததும் கொடி விழும். டிஜிட்டல் கடிகாரம் வந்த பிறகும் நேரம் தீர்வதைக் ‘கொடி விழுந்தது’ என்றே சொல்கின்றனர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1980களின் இறுதியில் காப்புரிமை பெற்றார்.

நேரக் கணக்கு

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், தொடக்கத்திலிருந்தே நகர்த்தலுக்கு 30 நொடி கூடுதல் என்பது அங்கு நேர விதி. அதாவது 40ஆவது நகர்த்தலுக்குள் ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 110 நிமிடம். சராசரியாக நகர்த்தலுக்கு 2 நிமிடம் 45 நொடி. முதல் 15 நகர்த்தல்களிலேயே 75 நிமிடத்தைச் செலவழித்தவருக்கு, கூடுதல் நொடிகளைச் சேர்த்தாலும் அடுத்த 25 நகர்த்தல்களுக்கு 35 நிமிடமே மிஞ்சும். நகர்த்தலுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

கூடுதல் 30 நொடி முழுவதும் யோசிக்கக் கிடைப்பதில்லை. காயை நகர்த்த வேண்டும், அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும், நகர்த்தலைத் தாளில் எழுத வேண்டும். 30 நொடியோ அதற்கு மேலோ கூடுதலாகத் தரப்படும் ஆட்டங்களில், நேரம் எவ்வளவு குறைந்தாலும் எழுதுவதை நிறுத்த விதி அனுமதிப்பதில்லை.

தமிழகம் கண்ட ஆட்டங்கள்

மாமல்லபுரத்தில் இந்திய இரண்டாம் அணியின் முதல் பலகையில் ஆடிய சென்னை வீரர் டி. குகேஷ் முதல் எட்டுச் சுற்றுகளையும் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரொவை எதிர்த்து வெற்றி வாய்ப்புள்ள நிலையை எட்டியும், நேரம் குறைந்த கட்டத்தில் செய்த பிழையால் தோற்றார். அந்தச் சுற்று 2–2 எனச் சமனாயிற்று. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கும், வெண்கலம் இந்திய இரண்டாம் அணிக்கும் போயின. குகேஷ் 11 ஆட்டங்களில் 9 புள்ளியுடன் தனிநபர் தங்கம் பெற்றார்.

2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கடிகாரம் அவர் பக்கம் நின்றது. அங்கு முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம். அதுவரை கூடுதல் நொடி கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரனின் நேரம் 40ஆவது நகர்த்தலுக்கு முன்பே தீர்ந்தது. டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காவது ஆட்டத்தில், குகேஷைவிட மிகக் குறைந்த நேரமே வைத்திருந்த டிங், 55ஆவது நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகளுடன் மந்திரிகளும் மாறிவிடும், எஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் தோல்வி உறுதி என்பது அவர் கண்ணுக்குத் தப்பியது. 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

விசுவநாதன் ஆனந்தின் வேகம் இன்னொரு வகை. மானுவல் ஆரோன் 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில், வென்றவர் பலகையிலேயே தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்பார். அங்கு பழகிய கை, 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிரான விரைவு டைபிரேக்கரில் உலகப் பட்டத்தைக் காத்தது.

காரணங்களும் சமாளிக்கும் வழிகளும்

திறப்பு ஆட்டத்தில் தெளிவின்மை, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தல், ஏறக்குறைய சமமான இரு நகர்த்தல்களுக்கு இடையே தத்தளித்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். நேரத்தில் பின்தங்கும் பழக்கத்தைப் போக்க, முடிவைப் பொருட்படுத்தாமல் கடிகாரத்தை மட்டும் கவனித்துப் பயிற்சி ஆட்டங்கள் ஆடச் சொன்னார் முன்னாள் உலகச் சாம்பியன் போட்வின்னிக். ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மீதி நேரத்தைத் தாளில் குறிப்பதும், எதிராளியின் நேரத்தில் பொதுவான திட்டத்தை யோசிப்பதும் பயன் தரும்.

நெருக்கடி வந்துவிட்டால் ராஜாவைப் பாதுகாப்பாக வைத்து, காப்பில்லாத காய்களைக் குறைத்து, எளிய நகர்த்தலைத் தேர்வது நல்லது. எதிராளிக்கு நேரமில்லை என்பதற்காகத் தானும் அவசரப்படுவது பெரும் தவறு. தன் கையிலிருக்கும் நிமிடங்களைத் தானே தூக்கியெறிவதாகும் அது. 40ஆவது நகர்த்தல் முடிந்து புதிய நேரம் சேர்ந்ததும் நிதானமாக நிலையைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கொடி விழுந்தால் தோல்வி. ஆனால் எதிராளியிடம் எவ்வகையிலும் ராஜாவை முடக்க வழியில்லை என்றால் ஆட்டம் சமன். பலகையில் பதினாறு காய்களைக் காப்பது போலக் கடிகாரத்தையும் பதினேழாவது காயாகக் காக்கக் கற்பதே ஆட்டக்காரருக்கு உண்மையான காப்பு.